மூன்று ஏக்கர் கடலை எண்ணெய்க்கு எந்தச் செயலி?

விளைபொருளை நேரடியாக விற்பதற்குச் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவது பற்றி வந்த மூன்று கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள் இடம்பெறுகின்றன.

கேள்வி: ''எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கடலை போட்டு, மரச்செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கிறோம். ஊர்க்கடையில் லிட்டர் 260 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். வீடு தேடி வருகிறவர்களுக்கு 340 ரூபாய். ஆனால், அப்படி வருபவர்கள் ஆறு குடும்பம்தான். கல்லூரியில் படிக்கும் மகள் முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூன்றிலும் கணக்குத் தொடங்கி, ஆறு மாதமாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வீடியோ போடுகிறாள். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. 16,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் 10,000 ஃபாலோயர் பிடித்துத் தருவதாக டவுனில் ஒருவர் சொல்கிறார். என் செயினை அடகு வைத்துக் கட்டலாம் என்கிறாள் மகள். 'படிப்பும் போகும், நகையும் போகும்' என்று சத்தம் போடுகிறார் வீட்டுக்காரர். எந்தச் செயலியில் போட்டால் விற்கும்? பணம் கட்டலாமா?''

- ஒரு வாசகி, போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பணம் கட்ட வேண்டாம். செயின் வீட்டிலேயே இருக்கட்டும். மகளின் உழைப்பும் வீண் இல்லை. அது போகவேண்டிய இடம் மட்டும் வேறு.

எந்தச் செயலி என்று கேட்பதற்கு முன்னால், விற்பதற்கு எத்தனை லிட்டர் இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 700 கிலோ காய் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஏக்கரில் 2,100 கிலோ. உடைத்தால் நூற்றுக்கு எழுபது பங்கு பருப்பு. அதாவது 1,470 கிலோ. அடுத்த பட்டத்துக்கு ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு எடுத்து வைத்தால் 150 கிலோ போய்விடும். மீதி 1,320 கிலோ. மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 2½ கிலோ பருப்பு தேவை. ஆக, 528 லிட்டர். வீட்டுச் செலவுக்கு மாதம் 2 லிட்டர் ஒதுக்கினால், விற்பனைக்கு நிற்பது சுமார் 500 லிட்டர். அதை ஆண்டு முழுக்கப் பிரித்தால் மாதம் 42 லிட்டர்.

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் மாதம் 2 லிட்டர் கடலை எண்ணெய் வாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 42 லிட்டருக்குத் தேவை 21 குடும்பம். அதில் ஆறு குடும்பம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. இன்னும் 15 குடும்பம் நிலையாகக் கிடைத்தால் போதும். விளைந்த எண்ணெய் அத்தனையும் 340 ரூபாய்க்கே போய்விடும்.

பத்தாயிரம் பேர் எதற்கு? அந்தப் பத்தாயிரத்தில் நூற்றுக்கு ஒருவர் ஆர்டர் போட்டால்கூட நூறு குடும்பம், மாதம் 200 லிட்டர். அவ்வளவு எண்ணெய்க்கு இந்த நிலத்தில் கடலை இல்லை. வந்த ஆர்டரை விடமுடியாமல் வெளியே எண்ணெய் வாங்கிக் கலக்கத் தோன்றும். ஒருமுறை ருசி மாறினால் பழைய ஆறு குடும்பமும் நின்றுவிடும்.

16,000 ரூபாயையும் எண்ணெயிலேயே அளந்து பார்க்கலாம். கடைக்குப் போடுவதைவிட நேரடி விற்பனையில் லிட்டருக்கு 80 ரூபாய் கூடுதல். பாட்டில், லேபிள், போக்குவரத்துச் செலவைக் கழிக்காமல் பார்த்தாலே, 200 லிட்டர் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். ஐந்து மாத உழைப்பு. அதற்கு மேல் அடகுக் கடை வட்டி.

ஃபாலோயர் பிடித்துத் தருகிறவர்கள் கொண்டுவருவதில் பெரும்பகுதி ஆள் இல்லாத போலிக் கணக்குகளாகவே இருக்கும். நிஜமான ஆட்களாக இருந்தாலும், அவர்கள் போளூருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்தை அவருடைய கணக்கில் தொடங்கி, சாவியை அவரே வைத்துக்கொண்டால், நாளை மனஸ்தாபம் வரும்போது செக்கின் பெயரும் படங்களும் அவர் கையில் போய்விடும். எந்தக் கணக்கானாலும் வீட்டாரின் செல்போன் எண்ணில்தான் தொடங்க வேண்டும்.

நான்கும் நான்கு விதம்

மண்ணைப் பார்க்காமல் பயிரைத் தேர்வு செய்ய முடியாது. செயலிகளும் அப்படித்தான். ஒன்றில் விளைவது இன்னொன்றில் விளையாது.

வாட்ஸ்அப்: ஏற்கெனவே அறிமுகமானவர்களைத் தொடர்ந்து வாங்க வைப்பதற்கு ஏற்றது. மாதாமாதம் தீர்ந்துபோகும் எண்ணெய், அரிசி, நாட்டுச்சர்க்கரை, முட்டை போன்றவற்றுக்கு இதுதான் முதல் இடம். 2018-ம் ஆண்டு வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலிக்குக் கட்டணம் இல்லை. பொருளின் படம், அளவு, விலையை ஒரு பட்டியலாகப் போட்டு வைக்கலாம். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

இதில் குரூப் தொடங்குவதைவிட, 'பிராட்காஸ்ட்' பட்டியல் நல்லது. குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காலை வணக்கமும் அரசியலும் வந்து சேரும். பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால், வாடிக்கையாளர் தன் செல்போனில் நம்முடைய எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல், 'அனுப்பியும் யாரும் பதில் சொல்லவில்லை' என்று பலர் வருத்தப்படுகிறார்கள். முதல் பாட்டிலைக் கொடுக்கும்போதே, 'இந்த நம்பரைச் செக்கு எண்ணெய் என்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட வேண்டும். மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். தினமும் அனுப்பினால் தடை செய்துவிடுவார்கள். பலர் அப்படிச் செய்து புகாரும் கொடுத்தால் கணக்கே முடக்கப்படலாம்.

முகநூல்: நடுத்தர வயதுக்காரர்கள், குடும்பத் தலைவிகள், ஓய்வுபெற்றவர்கள் அதிகம் புழங்கும் இடம். வீட்டுக்கு எண்ணெய் வாங்குவதைத் தீர்மானிப்பவர்கள் இவர்கள்தான். சொந்தப் பக்கத்தில் போடுவது, அதைப் பின்தொடர்பவர்களிலேயே கொஞ்சம் பேருக்குத்தான் காட்டப்படும். அதைவிட, ஆரணி, திருவண்ணாமலை, வேலூர் போன்ற ஊர்களின் உள்ளூர் குழுக்களில், அந்தக் குழுவின் விதிமுறை அனுமதித்தால், மாதம் ஒருமுறை போடுவது பலன் தரும். விளம்பரம் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி, சிறு தொகையில், இடையில் ஆள் இல்லாமல் நேரடியாகவே கொடுக்கும் வசதி அதில் இருக்கிறது.

இன்ஸ்டாகிராம்: இளைஞர்கள் அதிகம். கண்ணுக்கு அழகாக இருப்பது இங்கே எடுபடும். பூச்செடி, பனையோலைப் பொருட்கள், ஊறுகாய், தின்பண்டம் செய்பவர்களுக்கு ஏற்றது. ஆனால், இதில் போடும் சிறு வீடியோ எந்த ஊர்க்காரருக்கு வேண்டுமானாலும் போகும். தூரத்து ஊரிலிருந்து ஒரே ஒரு லிட்டருக்கு ஆர்டர் வந்தால், கூரியர் செலவும் வழியில் ஒழுகும் பாட்டிலும் லாபத்தைத் தின்றுவிடும். மகளின் வீடியோக்களுக்கு லைக் வந்தும் ஆர்டர் வராததற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம். பார்த்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது, வாங்கும் தூரத்தில் அவர்கள் இல்லை.

யூடியூப்: இங்கே போடும் நீளமான வீடியோ பல ஆண்டுகள் நிற்கும். தேடுபவர்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். விளக்கிச் சொல்லவேண்டிய பொருட்களுக்கு இது பொருத்தம்: விதை, நாற்று, பண்ணைக் கருவி, பயிற்சி. பலன் வர நாளாகும். விளம்பர வருமானத்தை நம்பி இறங்குவதும் சரியில்லை. அதில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பரவலாகத் தெரிந்த விதி. எண்ணெய் விற்க வந்தவர், வீடியோ தயாரிப்பதையே இன்னொரு தொழிலாகச் செய்யவேண்டியிருக்கும்.

இந்தக் குடும்பம் செய்யவேண்டியது

முதல் வேலை செல்போனில் இல்லை. ஒரு 40 பக்க நோட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயர், ஊர், போன் எண், எத்தனை லிட்டர், எந்தத் தேதி என்று ஐந்து கட்டம் போட்டு எழுத வேண்டும். ஆறு குடும்பத்தையும் முதலில் எழுதிவிட்டு, ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்குத் தெரிந்த ரெண்டு வீட்டுக்குச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். கூச்சப்பட வேண்டியதில்லை. எண்ணெய் பிடித்திருப்பதால்தானே அவர்கள் தேடி வருகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் உறவுக்காரர்கள், மகளின் கல்லூரி ஆசிரியர்கள் என்று நான்கு பேரிடம் சொன்னாலே 15 குடும்பம் எட்டிவிடக்கூடிய எண்ணிக்கைதான்.

அடுத்து, வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை அம்மாவின் எண்ணில் தொடங்க வேண்டும். மகள் நாளை வேலைக்கோ, கல்யாணமாகியோ வேறு ஊருக்குப் போனாலும் வியாபாரம் நிற்காது. ஆறு இலக்க ரகசிய எண் போட்டுப் பாதுகாக்கும் வசதியை மகள் செய்து கொடுக்கலாம்.

மாதக் கடைசியில் ஒரு செய்தி: 'எண்ணெய் ஆட்டப்போகிறோம், யாருக்கு எத்தனை லிட்டர்?' ஆர்டரை வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப ஆட்டித் தெளியவைத்து, சம்பளம் வந்த பிறகான ஞாயிற்றுக்கிழமை ஒரே பாதையில் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தால் போக்குவரத்துச் செலவு குறையும். எண்ணெயும் பழசாகாது.

மகள் ராத்திரி உட்காரத் தேவையில்லை. வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் போதும். களையெடுப்பு, காய் உலர்த்துவது, செக்கு ஓடுவது, எண்ணெய் தெளிவது என்று நாலைந்து படங்கள் எடுத்து, ஒன்றொன்றாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கலாம். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதே படத்தை மாதம் ஒருமுறை ஊர்க் குழுவில் போடலாம். முகத்தைக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஏற்கெனவே போட்ட வீடியோக்களை அழிக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப் பெயர், விலை, வாட்ஸ்அப் எண் மூன்றையும் சேர்த்துவிட்டால், அவை வாசலில் மாட்டிய பலகை மாதிரி வேலை செய்யும்.

விற்பனையைப் பெரிதாக்கும் முன், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம். 14 இலக்கப் பதிவு எண், ஆட்டிய தேதி, காலாவதி தேதி, அளவு, விலை, முகவரி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள். விளம்பரத்தில் 'கொழுப்பு கரையும், சர்க்கரை நோய் தீரும்' என்றெல்லாம் எழுதுவது கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. 'எங்கள் நிலத்துக் கடலை, எங்கள் ஊர் மரச்செக்கு' என்ற உண்மையே விற்பதற்குப் போதும்.

கடைசியாக, அந்த நோட்டு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம். 2020-ம் ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. அதில் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, அந்தச் சேர்க்கை அத்தோடு முடிந்தது. எந்தச் செயலியும் குத்தகை நிலம்தான். நிலத்துக்காரர் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றலாம். நோட்டில் இருக்கும் 21 எண்கள் மட்டும் சொந்த நிலம்.

கேள்வி: ''நாட்டுக்கோழியும் கொடி ஆடும் வளர்க்கிறேன். முகநூல் மார்க்கெட்பிளேஸில் ஆட்டுப் படம் போட்டால் நீக்கிவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர், தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, எட்டு ஆட்டுக்கு முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். செய்யலாமா?''

- ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: செய்யக் கூடாது. பணம் வாங்குவதற்குக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ, யுபிஐ ரகசிய எண்ணைப் போடவோ தேவையே இல்லை. ரகசிய எண்ணைப் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும்; வராது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி நம்பவைப்பது இந்த மோசடியில் வழக்கமான தந்திரம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மார்க்கெட்பிளேஸில் தனிநபர்கள் உயிருள்ள விலங்குகளை விற்க அந்த நிறுவனம் அனுமதிப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கே முடங்கக்கூடும். ஆட்டை நேரில் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பதால், தூரத்து ஊர்க்காரர்களைத் தேடுவதிலும் அர்த்தம் இல்லை. வாரச்சந்தையில் அறிமுகமாகும் வியாபாரிகள், பக்கத்துப் பண்ணையாளர்கள், கறிக்கடைக்காரர்கள் எண்களை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கிறவருக்கு மட்டும் ஆட்டின் வயது, எடை, தடுப்பூசி போட்ட தேதியைச் சொல்லி வாட்ஸ்அப்பில் சிறு வீடியோ அனுப்பலாம். ஆடி மாதக் கோயில் கிடாவெட்டு, பக்ரீத், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்தால், சந்தைக்கு ஓட்டிப்போகும் செலவும் ஆட்டின் எடை இழப்பும் மிச்சம்.

கேள்வி: ''செடிமுருங்கை வளர்ப்பு பற்றி யூடியூபில் போட்ட வீடியோவை 60,000 பேர் பார்த்தார்கள். விதை வாங்கியவர்கள் நான்கே பேர். யூடியூபை விட்டுவிட்டு இன்ஸ்டாகிராமுக்குப் போகலாமா?''

- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: போக வேண்டாம். இடம் சரியாகத்தான் இருக்கிறது. விதை எடை குறைவு, தபாலில் எங்கும் அனுப்பலாம், வாங்குகிறவருக்கு விளக்கமும் தேவை. இந்த மூன்றும் சேர்ந்த பொருளுக்கு யூடியூப்தான் ஏற்றது.

குறை எங்கே என்று பார்க்க, அந்த வீடியோவைப் புதிதாகப் பார்க்கிறவர் போலப் பார்க்க வேண்டும். விதை விற்பனைக்கு இருக்கிறது என்று முதல் ஒரு நிமிடத்துக்குள் சொல்லப்பட்டிருக்கிறதா? விலையும், எத்தனை கிராம் என்பதும், தபால் செலவும், வாட்ஸ்அப் எண்ணும் வீடியோவின் கீழே எழுதப்பட்டிருக்கிறதா? கடைசியில் ஒருமுறை வேகமாக எண்ணைச் சொல்லிவிட்டுப் போனால், அதுவரை பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பொதுவான வளர்ப்பு முறையைப் பலரும் தெரிந்துகொள்வதற்காகப் பார்ப்பார்கள். வாங்க நினைப்பவர் தேடுவது வேறு: எப்போது விதைக்க வேண்டும், ஏக்கருக்கு எவ்வளவு விதை, எத்தனை மாதத்தில் காய் வரும், இந்த விதை எந்த ஊர் வயலில் எப்படிக் காய்த்தது. அதற்கென்று நான்கு நிமிடத்தில் தனி வீடியோ எடுத்து, விதைப்புப் பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு வெளியிட வேண்டும். அறுவடை சமயத்தில் வெளியிட்டால் பார்ப்பார்களே தவிர வாங்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. விதையைப் பொட்டலம் போட்டுத் தொழிலாக விற்பதற்கு 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் தேவை. அந்தப் பகுதி விதை ஆய்வாளரைச் சந்தித்து, முளைப்புத்திறன் பரிசோதனைக்கும் விதையைக் கொடுத்துவிட்டு விற்பனையைத் தொடங்குவது நல்லது. முளைக்காத விதைக்கு யூடியூபிலேயே கீழே எழுதிவிடுவார்கள். வீடியோவைப் போலவே அதுவும் பல ஆண்டுகள் அங்கேயே நிற்கும்.